இருபத்தாறரையாவது மணி

நான்கு மணி நாற்பது நிமிடம். டோர்வல் விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வரும் கதவுக்கு மேலே தொங்கிய கடிகாரத்தில்தான் அந்த நேரத்தைப் பார்த்தேன். என் கையில் ஒரு கோடிட்ட தாள் இருந்தது. அந்தத் தாளின் கணக்குப்படி என் மகள் மூன்று மணிக்கே மொன்றியலில் இறங்கியிருக்க வேண்டும். வேலை முடிந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்த விமான நிறுவனத்துப் பெண்ணை மறித்து, மகளின் படத்தை நீட்டினேன். அவள் மறுபடி உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். இந்தப் பெயரில் யாரும் வரவில்லை என்றாள். லண்டனில் இந்த விமானத்தில் ஏறவே இல்லை என்றாள். பிறகு "தெசோலே மடாம்" என்று பிரெஞ்சில் வருத்தம் சொல்லி, ஒரு தொலைபேசி எண்ணை எழுதித் தந்துவிட்டு வாகனத் தரிப்பிடத்தின் பக்கமாக நடந்தாள். அவளுடைய வேலை நேரம் முடிந்துவிட்டது. அவளைக் குறை சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் அந்தக் கைப்பையின் வார் அசைந்து அசைந்து போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அந்தத் தாளை எழுதித் தந்தவர் ரிக்கெற் அண்ணை. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு சாமான் கடையின் பின்பக்கத்தில், அரிசி மூட்டைகளுக்கு அப்பால், ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் ஒரு பூகோள உருண்டையும் வைத்து விமானச் சீட்டு விற்றார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சீட்டு வாங்கிய எங்களில் எவருக்கும் அது தேவைப்படவில்லை. ஊரில் அவர் ரயில் கார்ட். கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடிய வண்டிகளில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் பிடித்தவர். அந்தப் பாதை நின்று, தண்டவாளங்களையும் கழற்றிக்கொண்டு போனபிறகு, எப்படியோ கனடா வந்து சேர்ந்தார். கொடி இல்லை என்பதைத் தவிர அவரில் ஒன்றும் மாறவில்லை. விமானத்தையும் அவர் ரயிலைப் போலத்தான் ஓட்டினார்.

சீட்டு வாங்கும் ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு தாள் எழுதிக் கொடுப்பார். நடுவில் கார்பன் வைத்து மூன்று பிரதிகள்: பயணிக்கு ஒன்று, இங்கே காத்திருப்பவருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. அந்தத் தாளில் எந்த நாட்டு நேரமும் இருக்காது. சீட்டில் அச்சிட்ட புறப்படும் நேரம் பூச்சியம். அதிலிருந்து ஓடும் மணிகள் மட்டும்தான். என் மகளின் தாளில் பூச்சியம், கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கா. பதினொன்று, லண்டன். பதினாறு, லண்டன் விட்டது. இருபத்துமூன்று, மொன்றியல். அடியில் அவருடைய தொலைபேசி எண். அவ்வளவுதான். இரண்டு நாடுகளுக்கு நடுவே பத்து மணித்தியால வித்தியாசம், லண்டனுக்கு ஐந்து, முந்தின நாளா அடுத்த நாளா என்று கூட்டிக் கழித்து எங்கள் சனம் பிழைவிட்ட கதைகள் அவரிடம் நிறைய இருந்தன. ஒரு குடும்பம் ஒரு நாள் முந்தி வந்து பூங்கொத்தோடு நின்றது. இன்னொரு குடும்பம் ஒரு நாள் பிந்தி வந்தது. இறங்கிய கிழவர் கதிரையில் நித்திரை. "கடிகாரம் நாட்டுக்கு நாடு பொய் சொல்லும். ஓடின மணி பொய் சொல்லாது" என்பார்.

நான் ஊரில் கணித ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தூரம், வேகம், நேரம் படிப்பித்தவள். மொன்றியலில் சொக்கலேற் பெட்டி அடைக்கிற வேலை செய்தாலும் அண்ணை என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சீட்டு வாங்கப் போன நாளில் எங்களுக்குள் ஒரு சின்னப் போட்டி நடந்தது. அவர் உருண்டையில் ஒரு நூலைக் கொழும்பில் வைத்து மொன்றியல் வரைக்கும் இழுத்துப் பிடித்தார். "நேரை இழுத்தால் எண்ணாயிரத்து ஐந்நூறு மைலுக்குக் கொஞ்சம் குறைய. லண்டனாலை சுத்தினால் இருநூறு மைல்தான் கூட. பாருங்கோ ரீச்சர், சுத்தெண்டு நினைக்கிறம், சுத்தே இல்லை" என்றார். கொழும்பிலிருந்து லண்டன் ஐயாயிரத்து நானூறு, அங்கிருந்து இங்கே மூவாயிரத்து இருநூற்றைம்பது, இந்தப் பக்கம் வரும்போது காற்று எதிர்க்காற்று என்றெல்லாம் விளக்கினார். எனக்கு அவரைச் சீண்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"தூரத்தை வேகத்தால வகுத்தால் பறக்கிற நேரம் வரும் அண்ணை. லண்டனில காத்துக்கொண்டிருக்கிற அஞ்சு மணித்தியாலத்தை எதால வகுத்தனீங்கள்?"

அவர் நூலைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார். "அதை வகுக்கேலாது ரீச்சர். அதைச் சும்மா கூட்டத்தான் வேணும்."

கூட்டி முடித்த ஐந்து ஆண்டுகள் எனக்குப் பின்னால் இருந்தன. மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது அவளைக் கொழும்பில் என் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தேன். கணவர் எனக்கு முன்பே இங்கே வந்துவிட்டார். என்னை அனுப்பிய ஏஜென்ற் பிள்ளையோடு வரமுடியாது என்று சொல்லிவிட்டான். அகதி விசாரணை, மறுப்பு, மேன்முறையீடு, பிறகு பிள்ளையைக் கூப்பிடுகிற விண்ணப்பம் என்று ஐந்து ஆண்டுகள் போயின. போர்நிறுத்தம் வந்த ஆண்டின் ஆவணி மாதத்தில்தான் விசா கிடைத்தது. தங்கைக்கு விசா இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாக வரவேண்டும். கழுத்தில் ஒரு பிளாஸ்ரிக் உறையில் கடவுச்சீட்டைத் தொங்கவிட்டு, விமான நிறுவனத்தின் ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவருவார்கள் என்றார்கள். அவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று கேட்டதற்குத் தங்கை கடித உறையில் ஒரு நூலை வைத்து அனுப்பியிருந்தாள். எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் சுவரில் அந்த நூலைப் பிடித்துப் பார்த்தேன். என் தோளுக்கு வந்தது. நான் விட்டுவந்த பிள்ளை என் இடுப்புக்கு நின்றவள்.

அண்ணைக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதல்முறை இந்த நாட்டுக்கு வருகிற எவருக்கும் அவரே விமான நிலையம் வருவார். ஒரு தேநீர்க் குடுவையோடு தூண் ஒன்றின் ஓரமாக நின்று, ஆள் வெளியே வந்ததும் தன் பிரதியில் ஒரு சரி அடையாளம் போட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விடுவார். கார்டின் வேலை வண்டி நிலையத்துக்குள் வந்துவிட்டால் முடிந்தது என்பது அவருடைய எண்ணம். எங்களிடம் கார் இல்லாததால் அன்று அவருடைய பழைய வான் வண்டியிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கணவர் வீட்டில் நின்றார். கொழும்பிலிருந்து தங்கை எடுத்தால் பேச ஒருவர் வேண்டும், நண்டுக்குழம்பும் ஆகவேண்டும்.

அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். பத்து நிமிடத்தில் நெடுஞ்சாலைக்கு ஏறவேண்டிய மனிதர் ஒரு டெப்பனர் கடைக்கு முன்னால் வானை நிறுத்தி, மின்கலம் வாங்க வேண்டும் என்று இறங்கினார். பெற்றோல் அடித்தார். கண்ணாடி துடைத்தார். பிறகு காற்றுப் போதாது என்று நான்கு சில்லுகளையும் அழுத்திப் பார்த்தார். "அண்ணை, பிள்ளை வந்து நிக்கப்போறாள்" என்றேன். "குடிவரவில எப்பிடியும் மினக்கெடும் ரீச்சர். புது ஆக்களை ரெண்டு மூண்டு மணித்தியாலம் இருத்தித்தான் விடுவாங்கள்" என்றார். அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

பால்கண்ணாடிக் கதவு திறக்கும், மூடும். ஒவ்வொரு முறையும் யாருடையவோ பிள்ளை, யாருடையவோ தகப்பன். மூன்றரைக்கு ஒரு கூட்டம் வந்தது. நாலுக்குத் தனித்தனியாக வந்தார்கள். நாலேகாலுக்குப் பிறகு விமானப் பணியாளர்களே சின்னப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு கதவு திறக்கவில்லை. நாலு நாற்பதுக்கு அந்தப் பெண் வந்தாள்.

நான் தூணடிக்கு ஓடினேன்.

"அண்ணை, பிள்ளை அந்தப் பிளேனில வரேல்லையாம்! லண்டனில ஏறவே இல்லையாம்!"

அவர் திடுக்கிடவில்லை. அதுதான் என்னை முதலில் அடித்தது. குடுவையின் மூடியை மெதுவாகத் திருகிக்கொண்டே, "வருவா ரீச்சர். இருபத்தாறரைக்கு வருவா" என்றார்.

"என்ன இருபத்தாறரை? நீங்கள்தானே இருபத்திமூண்டெண்டு எழுதித் தந்தனீங்கள்!"

"கொழும்பில பிளேன் ஏதோ பழுதாம், நாலரை மணித்தியாலம் பிந்தித்தான் கிளம்பினது. லண்டனுக்கு வரேக்கை மற்றப் பிளேனில ஆக்கள் எல்லாம் ஏறியாச்சு. பிள்ளையை அடுத்ததில ஏத்தினவை. வேற கொம்பனிப் பிளேன், அதுதான் உங்களோட கதைச்ச பெட்டைக்குத் தெரியேல்லை. ஆறரைக்கு இறங்கும்."

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

அவர் கதவைப் பார்த்தார். "காலமை. எட்டரைக்கு."

நான் கத்தத் தொடங்கியது அந்த இடத்தில்தான். காலை எட்டரைக்கு நான் குளித்துவிட்டுச் சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்றேன். ஒன்பதுக்குச் சீலை எதைக் கட்டுவது என்று கணவரைக் கேட்டேன். பத்துக்கு அவளுக்கென்று வாங்கிய சுவெற்றரின் விலைத்துண்டைக் கத்தரித்தேன். அந்த நேரமெல்லாம் என் பிள்ளை மொழி தெரியாத ஒரு நகரத்தில், வண்டியைத் தவறவிட்டு, கழுத்தில் ஓர் உறையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். இந்த மனிதருக்கு அது தெரியும். தெரிந்துகொண்டு சில்லுக்குக் காற்றுப் பார்த்திருக்கிறார்.

"தெரிஞ்சுகொண்டோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்து இஞ்சை நிப்பாட்டினனீங்கள்?"

"குடிவரவில மினக்கெடுதெண்டு நினைச்சுக்கொண்டு நிப்பியள், அதுக்குள்ள பிள்ளை வந்திடுவா, சமாளிக்கலாமெண்டு..."

"சமாளிக்கிறதோ? நான் என்ன உங்கட ரெயினுக்குக் காத்துக்கொண்டு நிக்கிற சனமோ, சிக்னல் விழேல்லை எண்டு சொல்லிச் சமாளிக்க? ஆர் உங்களுக்குச் சொன்னது? அவள் ஏறினதை ஆர் கண்டது?"

"லண்டனில இருந்து போன் வந்தது ரீச்சர்."

"ஆர் எடுத்தது?"

அவர் குடுவையைக் கைமாற்றிப் பிடித்தார். "அங்கை நிக்கிற ஆக்கள்தான்."

இதை ஒரு பதில் என்று எவராவது ஏற்பார்களா? அங்கே நிற்கிற ஆட்கள். பெயரில்லை, பதவியில்லை. ஐந்து ஆண்டுகள் நான் காத்திருந்த பிள்ளைக்கு இவரிடம் இருந்த அத்தாட்சி அவ்வளவுதான். தாளைக் கசக்கி அவருடைய நெஞ்சில் எறிந்தேன். யாரையோ வரவேற்க வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண், "அக்கா, பாவம், வயசு போன மனுசன்" என்று என் கையைப் பிடித்தாள். அவள் பிடித்தது என்னை இன்னும் மூட்டிவிட்டது. அடுத்ததாக நான் சொன்னதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பை எழுதுவதில் பயனில்லை.

"ஒண்டைப் பெத்து வளத்திருந்தால் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்! உங்களுக்கு இது ஒரு ரிக்கெற்!"

அண்ணை கலியாணம் செய்யாதவர். ஏன் செய்யவில்லை என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. எங்களுக்குச் சீட்டுத்தான் தேவைப்பட்டது. அவர் குனிந்து தாளை எடுத்தார். தூணில் வைத்து உள்ளங்கையால் தேய்த்து மடிப்புகளை நீக்கினார். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, இருபத்துமூன்றைக் கோடிழுத்து வெட்டிவிட்டுக் கீழே இருபத்தாறரை என்று எழுதினார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தூணின் மற்றப் பக்கம் போய் நின்றார்.

பொதுத் தொலைபேசியில் காசு போட்டு அந்தப் பெண் தந்த எண்ணை எடுத்தேன். முதலில் பிரெஞ்சு, பிறகு ஆங்கிலம், பிறகு இசை. என் அழைப்பு அவர்களுக்கு முக்கியமானது என்று ஓர் ஆண்குரல் சொல்லிச் சொல்லிச் சில்லறையெல்லாம் கரைந்தது. கடைசியில் ஒருத்தி வந்தாள். பயணிகளைப் பற்றிய தகவல் தருவதற்கில்லை என்றாள். நான் தாய் என்றேன். அதை எப்படி உறுதிசெய்வது என்று கேட்டாள். உண்மைதான், எப்படி உறுதிசெய்வது? என் பிள்ளையின் உயரத்தையே நான் ஒரு நூலில்தான் அறிந்திருந்தேன்.

மிஞ்சிய காசில் வீட்டுக்கு எடுத்தேன்.

"என்னப்பா, இன்னும் வரேல்லையோ?" என்றார் கணவர். "நண்டை ரெண்டாந்தரம் சூடாக்கிறன். இனிச் சூடாக்கினால் ஓடுதான் மிஞ்சும்."

"உள்ளுக்கை குடிவரவில நிக்கிறாள். கொஞ்சம் மினக்கெடும்."

"குரல் ஒரு மாதிரிக் கிடக்கு. அழுறியோ?"

"இல்லை. இஞ்சை ஏசி கூட. தடிமன்."

தொலைபேசியைத் திரும்ப மாட்டிய பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அது அண்ணையின் வசனம். கணவருக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுப்பை அணைத்துவிட்டு நடுக் கூடத்தில் நின்றிருப்பார். அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அதனால் சொல்லவில்லை. நான் அவருக்குச் செய்தது அன்பு, அண்ணை எனக்குச் செய்தது துரோகம் என்று அந்த நிமிடத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

ஆறரை வரைக்கும் செய்வதற்கு எதுவும் இல்லாமல் கணக்குப் போட்டேன். அவர் சொன்னது உண்மையானால் விமானம் மொன்றியல் நேரம் பதினொன்றரைக்கு லண்டனை விட்டிருக்க வேண்டும். இப்போது ஐந்து மணி. ஐந்தரை மணித்தியாலம் பறந்தாயிற்று, மிச்சம் எழுநூறு மைல். ஐந்தரைக்கு நானூற்று அறுபது மைல். ஆறுக்கு இருநூற்று முப்பது. எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் செய்து காட்டிய கணக்கு. விடை ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது. அவள் அதற்குள் இருக்கிறாளா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. அவள் ஏறவில்லை என்றாலும் மைல்கள் இதே மாதிரித்தான் குறையும்.

கணக்கு ஓடிக்கொண்டிருந்தபோதே இன்னொரு நினைவும் வந்தது. வரக்கூடாது என்று நான் ஐந்து ஆண்டுகளாகப் பூட்டி வைத்திருந்தது. கொழும்பை விட்டு வெளிக்கிட்ட அன்று மகள் தங்கை வீட்டு வாசற்படியில் இருந்து கொப்பிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். என்னுடைய பெட்டியை ஏஜென்ற் முதல்நாளே எடுத்துப்போய்விட்டான். நான் கைப்பையோடு மட்டும் வெளியே வந்தேன். "எங்கை அம்மா?" என்று கேட்டாள். "கண் டொக்டரிட்டைப் போட்டுப் பின்னேரம் வந்திடுவன்" என்றேன். பயப்படுவாள், அழுவாள், நானும் போகமுடியாமல் நின்றுவிடுவேன் என்று நினைத்தேன். உறையின் மூலையை மடித்துப் பிடித்தபடி தலையை ஆட்டினாள். அந்தப் பின்னேரம் அவள் எவ்வளவு நேரம் அந்தப் படியில் இருந்தாள் என்று நான் தங்கையிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பிறகு தொலைபேசியில் பேசிய ஐந்து ஆண்டுகளிலும் மகளும் அந்தப் பேச்சை ஒருமுறைகூட எடுக்கவில்லை. அகதி விசாரணையில் மறுத்தபோதும், எனக்கு ஒப்பரேஷன் நடந்தபோதும், "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை" என்றுதான் தங்கைக்குச் சொன்னேன். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் அப்படித்தான் வளர்க்கப்படுகிறார்கள். நல்லபடி முடிந்தபிறகுதான் அவர்களுக்குச் செய்தி கிடைக்கும்.

இதெல்லாம் நடந்து ஏழு ஆண்டுகளாகிவிட்டன. அண்ணையின் கடை இப்போது இல்லை. சீட்டை எல்லோரும் கணினியில் வாங்கத் தொடங்கியபிறகு மேசையையும் உருண்டையையும் எடுத்துவிட்டு அங்கே இன்னும் இரண்டு அடுக்கு அரிசி மூட்டை போட்டார்கள். அவர் கார்ட்டியர்வில்லில் ஓர் அறை எடுத்து இருந்தார். போன மாரியில் இறந்துபோனார். விமான நிலையத்துக்குப் போன மறுநாளே நான் மகளைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவர் முந்திக்கொண்டார். "நான்தான் மன்னிப்புக் கேக்கோணும் ரீச்சர். இருபத்தாறரை எண்டு சொன்னன். மூண்டு நிமிசம் பிந்தியெல்லோ இறங்கினது" என்றார். அந்தக் கசங்கிய தாளைத் திருப்பித் தந்தார். மகள் சிரித்தாள். நான் மன்னிப்புக் கேட்காமலே வீட்டுக்கு வந்தேன். பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அது மன்னிப்பு ஆகாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் பாத்திரத்தைக் கழுவி, அதற்குள் எதையாவது போட்டுத்தான் திருப்பி அனுப்புவார்.

நாளைக்கு மகள் வன்கூவருக்குப் படிக்கப் போகிறாள். நேற்றுக் கணினியில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் அடித்தாள். தட்டி முடிக்கும் முன்பே விடை வந்தது: மூவாயிரத்து எழுநூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைய, ஐந்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. உருண்டையில் நூல் பிடிக்க எவரும் தேவையில்லை. அதை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு, "இனிப் பயமில்லைத்தானே?" என்று கேட்டாள். அந்தத் தாளில் தூரம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. கல்கரியில் இறங்கி மாறவேண்டும். அங்கே காத்திருக்கிற நேரம் அதில் இல்லை. பயம் வந்தால் எடுப்பதற்கு ஓர் எண்ணும் அதில் இல்லை. "பிந்தினால் உடனே சொல்லோணும், என்ன? பேந்து சொல்லுறேல்லை" என்றேன். பெட்டிக்குள் உடுப்பை அமத்திக்கொண்டே "ஒன் வெறா, அம்மா" என்றாள். பார்ப்போம் என்று அர்த்தம். ஐந்து முறை கேட்டேன். ஐந்து முறையும் அதே பதில். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும்? எனக்கு வருகிற எரிச்சலில் பெட்டியைப் பூட்டி உள்ளே வைத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அவளிடம் அந்தச் சொல்லைக் கேட்கிற உரிமையை நான் எங்கே தொலைத்தேன் என்பது எனக்குத் தெரியும்.

அன்று விமான நிலையத்துப் பலகையில் அந்த வேறு நிறுவனத்தின் விமானம் இறங்கியதாக எழுத்து மாறியபோது நேரம் ஆறு முப்பத்துமூன்று. அதன்பிறகு ஒரு மணித்தியாலமும் கால் மணியும். கதவு திறக்கும், மூடும். யாருடையவோ பிள்ளை, யாருடையவோ தகப்பன். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூணின் அந்தப் பக்கம் அண்ணை நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்து, சீருடை போட்ட ஒருவரோடு ஒரு பெண்பிள்ளை வந்தாள். கழுத்தில் பிளாஸ்ரிக் உறை. மார்போடு அணைத்த கையில் நான்காக மடித்த ஒரு கோடிட்ட தாள், கார்பனின் நீலத்தோடு. நூலில் பார்த்ததைவிட உயரமாக இருந்தாள். நான் விட்டுவந்த முகத்தைத் தேடி எடுக்க எனக்கு இரண்டு மூன்று நொடிகள் பிடித்தன. அவளுக்கு அவ்வளவும் பிடிக்கவில்லை. நேராக வந்தாள். அழவில்லை. நான் கட்டிப்பிடித்தபோது என் தோளுக்கு மேலாக எதையோ தேடினாள்.

"இந்தத் தாளில நம்பர் எழுதின மாமா எங்கை அம்மா? வந்தவரோ?"

நான் தூணின் பக்கம் கையைக் காட்டினேன். அவர் தன் பிரதியில் சரி அடையாளம் போட்டுவிட்டு, குடுவையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அழுது வீங்கின என் முகத்தை அவள் ஒருமுறை பார்த்தாள். போகிற அவருடைய முதுகையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அவரைப் பேசினீங்களோ? பேசாதேங்கோ அம்மா. லண்டனில இருந்து நான்தான் போன் எடுத்தனான். உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு நான்தான் அவரிட்டைச் சத்தியம் வாங்கினனான்" என்றாள். "பின்னேரம் வந்திடுவன்தானே. அதுக்குள்ள ஏன் உங்களைப் பயப்பிடுத்துவான் எண்டு."